என் தோளில் உன் கை

அண்ணா,

மெழுகு சூடாகும் வாசனை இன்று மறுபடியும் மூக்கில் ஏறியது. ஓட்டல் அறையின் சன்னல்களை அடைத்து, சுவரெங்கும் கம்பளி தொங்கவிட்டு, இசைத்தட்டுக்காரத் துரை மெழுகுப் பதிவுத் தட்டைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். எதிரே, பாடும் குரலை வாங்கிக்கொள்ளும் அதே பெரிய குழல். எல்லாம் போன தடவை மாதிரியே இருந்தது. நீதான் இல்லை.

உனக்குப் பாட வராது. நீ பாடினால் கொட்டிலில் கட்டிய மாடுகூட மிரளும். ஆனால் கேட்கத் தெரியும். சிராங்கூன் சாலையில் பகலெல்லாம் மாட்டுவண்டி ஓட்டிவிட்டு, சாயங்காலம் ஜாலான் புசார் நாடகக் கொட்டகைக்கு வெளியே வண்டியை நிறுத்துவாய். வண்டியில் உட்கார்ந்தபடியே இருவரும் கேட்போம். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாட்டுகளை என்னைப் பாடச் சொல்வாய். எனக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை.

"குடும்பப் பொண்ணு இசைத்தட்டுல பாடறதா? ஊரு சிரிக்காதா?" என்று அம்மா அழுதாள்.

"சிரிக்கிறவன் காசு குடுத்துத் தட்டு வாங்கிட்டுச் சிரிக்கட்டும்மா" என்றாய்.

முதல் பதிவில் நான் உச்சத்துக்குப் போனதும் குரலின் வேகத்தில் ஊசி துள்ளித் தட்டு வீணாயிற்று. அந்த இடத்தில் குழலைவிட்டுப் பின்னே நகர வேண்டுமாம். பாட ஆரம்பித்தால் எனக்கு ஏது கால்? நீ வந்து என் பின்னால் நின்றாய்.

"நீ பாட்டுக்குப் பாடு. மாட்டையே புடிச்சு இழுக்கறவன், உன்ன இழுக்க மாட்டேனா?"

உச்சம் வந்தபோதெல்லாம் தோளைப் பிடித்துப் பின்னே இழுத்தாய். குரல் இறங்கியதும் மெல்ல முன்னே தள்ளினாய். பாட்டு பதிந்தது.

தட்டு வெளிநாட்டில் அச்சாகிக் கப்பலில் வந்து இறங்குவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஊரே கேட்டது, அண்ணா. நீ கேட்கவில்லை.

இன்று உச்சம் வந்தபோது என் தோள் உன் கைக்காகக் காத்திருந்தது. ஊசி துள்ளியது. தன் ஆளைப் பின்னால் நிறுத்தட்டுமா என்று துரை கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த தடவை நானே பின்னே நகர்ந்தேன். பாட்டு நன்றாகப் பதிந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நம்முடைய பழைய தட்டைக் கேட்பவர்கள், உச்சத்தில் என் குரல் சற்றுத் தள்ளிப் போகிறது என்கிறார்கள். அப்போது தொண்டை பழகவில்லை போலும் என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த இடம் வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

நீ இழுக்கிறாய்.