வாகன நிறுத்தத்தில் ஒரு பட்டாளத்துச் சட்டை

ஜனவரி 9

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் "நல்லா இல்லாம என்ன" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. முகாம் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றாயே, பேனாவையும் சேர்த்தா வாங்கிக்கொண்டார்கள் என்று அம்மா கேட்கிறாள்.

இங்கே நல்ல குளிர். ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் எனக்குக் காலை ஷிஃப்ட். திறந்தவெளி, காற்று ஊசியாய்க் குத்துகிறது. போன லீவில் நீ கருவிகளைச் சுற்றி எடுத்து வந்தாயே ஒரு பழைய பட்டாளத்துச் சட்டை, அது அலமாரியில் கிடந்தது. அம்மா துவைத்து, கிழிந்த இடத்தைத் தைத்துக் கொடுத்தாள். அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். நல்ல தடித்த துணி.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். நேற்று ஒரு பெரிய காரை ஓரமாக விடச் சொன்னேன். வழக்கமாக என்ன கிடைக்கும்? "யோவ், உன் வேலையைப் பாருய்யா." நேற்று கண்ணாடியை இறக்கி, "சரிங்க சார், இங்க விட்டா போதுமா?" என்கிறார். எனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான்!

உடம்பைப் பார்த்துக்கொள். 

அப்பா


ஜனவரி 17

அப்பாவுக்கு,

சட்டையை உடனே கழற்றுங்கள். இதைப் படிக்கும்போது போட்டிருந்தால், கழற்றிவிட்டு மேலே படியுங்கள்.

அது குளிருக்குப் போடுகிற சட்டை இல்லை. வேலை முடிந்து முகாமுக்கு வெளியே ஒரு டீ குடிக்கப் போனால் நானே அதைக் கழற்றிவிட்டு வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். லீவில் பார்த்தீர்களே, கட்டம் போட்ட சட்டையில்தானே வந்து இறங்கினேன். எனக்கே தடை. நீங்கள் கார்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

இன்னொன்று. எங்கள் பணிமனையில் பழைய சட்டைகளைத் துடைக்கும் துணியாகக் கிழித்துவிட வேண்டும். வயர்லெஸ் செட்டுகளை அதில்தான் துடைப்போம். அந்தச் சட்டையையும் கிழித்தாயிற்று என்று ஸ்டோர்காரரிடம் சொல்லிவிட்டு, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கருவிகளைச் சுற்ற எடுத்துக்கொண்டேன். என் தப்புதான். ஆனால் என் தப்பு அலமாரியில் கிடப்பது வேறு, உங்கள் முதுகில் ஏறி ஊர்வலம் போவது வேறு.

ரேடார் பயிற்சிக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒரே ஒருவரை எடுக்கிறார்கள். என் பெயர் போயிருக்கிறது. இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கெடுத்துவிடாதீர்கள். ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போடுங்கள்.

அவர் "சார்" என்றது உங்களை இல்லை. சட்டையை.

மகன்


ஜனவரி 28

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் மேலே படித்தேன். பட்டாளத்தில் உனக்குக் கட்டளை போட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் உன் கடிதம் வருவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. உன்னிடம் மறைக்க மனமில்லை. வயதான ஒருவர் மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்தார். நிமிர்ந்த முதுகு. என்னைப் பார்த்ததும் நின்று, "எந்த யூனிட்?" என்றார். "இல்லைங்கய்யா, இது என் பையனோட சட்டை" என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாசல் காவலாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டையைப் போட்ட நாளிலிருந்து டீ வந்தால் முதல் கிளாஸ் எனக்குத்தான் நீட்டுகிறார்கள். உன் யூனிட்டைச் சொல்லிவிட்டேன்.

"ரிட்டயர்டா?"

"ஆமாங்கய்யா."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்துக்கொண்டார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கையைப் பார்க்கவே கூசியது.

நீ எழுதியது சரிதான். சட்டையைத்தான் சார் என்றார்கள். ஆனால் தம்பி, சட்டைக்குள் நான்தானே இருந்தேன். என் காதிலும் விழத்தானே செய்யும்.

அப்பா


பிப்ரவரி 11

அப்பாவுக்கு,

போட்டோ இங்கே வந்துவிட்டது.

நீங்கள் கை குலுக்கியவர் ஓய்வு பெற்ற கர்னல். எங்கள் கமாண்டிங் ஆபீசருக்கு எழுதியிருக்கிறார்: 'உங்கள் பழைய ஆள் ஒருவர் இந்த வயதில் வெயிலிலும் பனியிலும் நின்று கஷ்டப்படுகிறார், ஏதாவது உதவி செய்ய முடியுமா?' உதவி செய்யத்தான் தேடியிருக்கிறார்கள். அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்லை என்று தெரிந்ததும், அந்த ஊர்க்காரன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

சமாளித்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: சட்டையை எரித்துவிடுங்கள். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீர்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

மகன்


பிப்ரவரி 27

அன்புள்ள மகனுக்கு,

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பயப்படாதே, மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். உன்னைப் போலவே அவருக்கும் பொறுமை கிடையாது.

"பட்டாளத்துச் சட்டை எங்க கிடைச்சுது, பெருசு?" என்றார். நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அவரே பேசினார்: "அந்த யூனிட்ல உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காராம். அவர்கிட்ட போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்காங்க. 'இந்த ஆளை நான் பார்த்ததே இல்ல'ன்னுட்டாராம். உள்ளதைச் சொல்லு."

சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அப்புறம் சுதாரித்தேன். நீ ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் உனக்குத்தானே ஆபத்து? "ஆமாங்கய்யா, எனக்கும் அவரைத் தெரியாது. பழைய துணிக்கடையில வாங்கினேன்" என்றேன். பிள்ளைகள் உண்டா என்றார். இல்லை என்றேன்.

எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். சட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீ எரிக்கச் சொன்னாய். அம்மா பொடித்தையல் போட்டதைப் பார்த்துவிட்டு மனம் வரவில்லை, அதனால்தான் வீட்டில் இருந்தது.

வேலை போகவில்லை. பின்வாசலில் ஸ்கூட்டர்கள் நிறுத்தும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே எனக்கு 'ஜெனரல்' என்று பெயர். "ஜெனரல், என் வண்டிக்கு ஒரு சல்யூட் அடிங்களேன்" என்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

அம்மாவுக்கு ஸ்டேஷன் விஷயம் தெரியாது. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பயிற்சிக்கு நல்லபடியாகப் போய் வா.

அப்பா


மார்ச் 10

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பணிமனையில் வைத்துப் படித்தேன். அதற்கப்புறம் ஒரு செட்டில் ஒயரை மாற்றிப் பற்றவைத்துப் புகைய விட்டேன். பக்கத்து மேஜைக்காரன், "என்னடா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றான். செட்டை அணைத்துவிட்டு எழுந்தேன்.

கமாண்டிங் ஆபீசரிடம் போனேன். "சார், அந்தப் போட்டோவில இருக்கிறவர் என் அப்பா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு ஏன் தெரியாதுன்னு சொன்னே?" என்றார். சட்டையைக் கிழித்ததாகப் பொய் சொல்லியிருந்தேன், அந்தப் பயம் என்றேன்.

அவரிடம் பாதி உண்மையைத்தான் சொன்னேன். மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். எனக்குச் சுற்றி எழுதத் தெரியாது. அன்று போட்டோ மேஜைமேல் இருந்தது. கேப்டன், கிளார்க், இன்னும் இரண்டு பேர் சுற்றி நின்றார்கள். கர்னலின் 'கஷ்டப்படுகிறார்' என்ற வார்த்தையை ஒருவர் உரக்கப் படித்தார். நீங்கள் கார்களுக்கு நடுவில், கழுத்தில் விசிலோடு, இளித்துக்கொண்டு நின்றீர்கள். சட்டையைப் பற்றிய பயம் அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. உங்களை என் அப்பா என்று சொல்ல வெட்கம். பட்டாளத்தில் சேர்ந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக மட்டும்தான் சொல்லியிருந்தேன். என்ன வேலை என்று சொன்னதில்லை. அவர்களாகவே ஏதோ பெரிதாக நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. இப்போது யோசித்தால், ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் செய்ததும் அதேதான். அதற்குப் போய் உங்களைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன்.

பொய் சொன்னதற்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை என்று எழுத மாட்டேன், வயிறு எரிகிறது. போலீசுக்கும் கர்னலுக்கும் உண்மையை எழுதிவிட்டார்கள்.

தண்டனை முடிந்ததும் லீவு தருகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரி பின்வாசலுக்கு வருவேன். அந்த ஸ்கூட்டர்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உங்களை அப்பா என்று கூப்பிட வேண்டும்.

மகன்


மார்ச் 21

அன்புள்ள மகனுக்கு,

இந்தத் தடவை கடிதத்தை அம்மா பிரித்துவிட்டாள். எல்லாம் தெரிந்துவிட்டது. பயிற்சி போனதற்கு முதலில் அழுதாள். பிறகு சுவரில் இருக்கும் உன் போட்டோவைப் பார்த்து, "பெத்த அப்பனைத் தெரியாதுன்னு சொல்ல எப்படிடா வாய் வந்துச்சு?" என்றாள். அவனை மட்டும் சொல்லாதே, நானும்தான் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். அதிலிருந்து என்னோடும் பேச்சு இல்லை. தட்டை மட்டும் ஓசை கேட்கிற மாதிரி வைக்கிறாள்.

அந்தப் போட்டோவில் நான் இளிக்கவில்லை தம்பி. வெயில் நேரே கண்ணில் அடித்தது.

நீ உண்மையைச் சொன்னது நல்லதுதான். பயிற்சியை இழந்து சொன்னாயே, அதை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை. குளிர் குறைந்திருக்கிறது. அம்மா உனக்காகப் பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறாள், கோபத்தோடுதான்.

வா. வீட்டுக்கு வா. மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வராதே. அத்தனை பேருக்கு நடுவில் நீ அப்பா என்று கூப்பிட்டு, "யாரு ஜெனரல், உங்க மகனா?" என்று அவர்கள் கேட்டால், என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அப்பா