பன்றி வராத வகுப்பு

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து மழை. குடைக்கம்பி ஒன்று போய்விட்டது. ஹட்டனில் திருத்தக் கொடுக்க வேண்டும்.

விரிவுரையாளர் வந்தார், இறுதிச் செயற்றிட்டம் பார்க்க. இந்தத் தோட்டப் பள்ளியில் பயிற்சி ஆசிரியைகள் இரண்டு பேர்: நானும் துஷ்யந்தியும். கல்லூரி நிறைவு நாளில் மேடையேறிப் பேச ஒரு பள்ளிக்கு ஒருவர்தான். அம்மா ராகலையில் லயத்து வீடுகள் முழுக்க என் பெயரைச் சொல்லி முடித்தாயிற்று.

என்னுடையது: நான்காம் வகுப்புக்கு வாசிப்பு அட்டைகள். ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோரும் வாசிக்கிறார்கள். அவளுடையது: ஐந்தாம் வகுப்போடு மரக்கறிப் பாத்தி. காட்டுப்பன்றி வந்து எல்லாவற்றையும் கிளறிவிட்டுப் போனது. ஒரு கரட் கூட மிச்சமில்லை. ஆனால் அந்தத் தோல்வியைப் பற்றி ‘பிரதிபலிப்பு’ என்று ஏழு பக்கம் எழுதியிருக்கிறாள். எங்கே தவறினேன், பிள்ளைகள் என்ன சொன்னார்கள், என்ன கற்றேன். விரிவுரையாளர் சேர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு என் கோப்பைப் புரட்டினார். “எல்லாம் நல்லா இருக்கு மகள். ஆனா நீங்க எங்க தடுமாறினீங்கன்னு காணோமே? பிரதிபலிப்புன்னா அதுதானே. வெள்ளிக்கிழமை வருவேன், எழுதி வைங்க. அன்னைக்குத்தான் முடிவு.”

தடுமாறவில்லை சேர். அது குற்றமா?

அந்தப் பன்றிக்கு என் வகுப்புக்கு வழி தெரியாமல் போயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

வாங்க: பாண், பருப்பு, சவர்க்காரம். குடை மறுபடியும் மறந்தேன்.

“என்னப்பா, முகம் வாடிக் கிடக்கு? எழுத ஏதும் உதவட்டே?” என்கிறாள் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் குளிரில் என்னோடு ஒரே போர்டிங் அறையில் கிடக்கிறாள். சம்பல் இடித்தால் முதல் பங்கு எனக்குத்தான். நல்லவள். அதுதான் எரிச்சலே. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்படலாம்.

எழுத உட்கார்ந்தேன். ‘சில மாணவர் தாமதமாக வந்தனர்.’ அடித்தேன். ‘மழையில் அட்டைகள் நனைந்தன.’ எங்கே நனைந்தன? பிளாஸ்டிக் உறை போட்டதே நான்தான்.

ஒரு யோசனை. நாளைக்கு ஏழாம் வகுப்புப் பாடம் ஒன்றைக் கொடுத்தால்? திணறுவார்கள். அதை வைத்து எழுதலாம். வியாழன் பழைய அட்டையைக் கொடுத்துச் சரி செய்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

ஜூன் 18, புதன்

செய்துவிட்டேன்.

முதலில் எழுப்பியது யோகிதாவை. போன தவணை முழுக்க வாய் திறக்காத பிள்ளை. மே மாதம் ஓர் அட்டையை முழுதாக வாசித்தபோது வகுப்பே கை தட்டியது. ஏன் அவளை எழுப்பினேன்? அவள் திணறினால் என் எழுத்து நன்றாக வரும். அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். தாளை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், எனக்கு வாசிப்பு போயிருச்சு.”

மாலையில் நான்கு பக்கம். பேனா நிற்கவே இல்லை. பாடம் கடினமாக அமைந்துவிட்டது என்று எழுதினேன். வேண்டுமென்றே கொடுத்தது என்று எழுதவில்லை. துஷ்யந்தி வாசித்தாள். “அழுகை வருதப்பா. என்ரயைவிட நல்லா வந்திருக்கு.”

சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே.

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை, மூட்டம். துணி எதுவும் காயவில்லை.

பழைய அட்டை, பூனைப் படம் போட்டது. எல்லோரும் வாசித்தார்கள். யோகிதா மட்டும் தலையை ஆட்டினாள். கெஞ்சினேன். டொபி கொடுத்தேன். டொபியை வாங்கிக்கொண்டாள், வாசிக்கவில்லை.

இடைவேளையில் பார்த்தால் யோகிதா துஷ்யந்தியின் பாத்தியருகே குந்தி லீக்ஸ் நாற்று நடுகிறாள். வாய் ஓயாத பேச்சு. அந்த வாயைத் திறக்க வைத்தவள் நான்.

“உம்மட பிள்ளை சொல்லுது, தனக்கு மூளை இல்லையாம்,” என்றாள் துஷ்யந்தி. “பாவம். நாளைக்கு அவளோட கொஞ்சம் கதைச்சுப் பாரும்.”



ஜூன் 20, வெள்ளி

மேடை துஷ்யந்திக்கு. சேர் கேட்டபோது எழுதவில்லை என்றேன். நான்கு பக்கமும் கைப்பையில்தான் இருந்தன. அம்மாவுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது?

யோகிதா இன்னும் வாசிக்கவில்லை. என்னோடு பேசினாள், அவ்வளவுதான். காலை மணி அடிக்குமுன் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துப் போனேன்.

“உனக்கு வாசிப்பு போகலம்மா. அது பெரிய பிள்ளைங்க பாடம். உனக்கு வராதுன்னு தெரிஞ்சுதான் டீச்சர் குடுத்தேன்.”

“ஏன் டீச்சர்?”

ஒரு பொய் தயாராகத்தான் வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. “துஷ்யந்தி டீச்சர் மேல எனக்குப் பொறாமை.”

யோசித்தாள். “எனக்கும் எங்க தங்கச்சி மேல வரும். அம்மா அவளத்தான் தூக்குவாங்க.”

“அப்ப நீ என்ன செய்வ?”

“கிள்ளுவேன்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அவளத்தான் கிள்ளுவேன் டீச்சர். நீங்க எதுக்கு என்னையக் கிள்ளுனீங்க?”