பார்லியின் இரண்டு படங்கள்

நண்பா,

ஊறுகாய்க்கென்று இன்று வினாகிரி போத்தலைத் திறந்தேன். மூக்கில் ஏறிய நெடி, நுவரெலியாவில் இதே காடி கலந்த சாயநீரைக் கொதிக்க வைத்த நம் சின்ன ஆய்வறையைக் கண்முன் நிறுத்தியது. "என்னப்பா, இங்க ஊறுகாயா போடுற?" என்று கேட்டுக்கொண்டேதான் நீ எப்போதும் உள்ளே வருவாய்.

நாம் இருவரும் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, அட்டனில் படித்து, அந்தப் பார்லிப் பண்ணையில் உதவியாளர்களாகச் சேர்ந்தவர்கள். உன் வேலை வயலில். செடிகளைக் கலப்பினம் செய்து, எந்த இரண்டு குணங்கள் அடுத்த தலைமுறையில் சேர்ந்தே வருகின்றன, எவை பிரிகின்றன என்று எண்ணுவாய். அரிதாகப் பிரிந்தால் பக்கத்தில், அடிக்கடி பிரிந்தால் தூரத்தில் என்று படம் வரைவாய். நான் நுண்ணோக்கியில் குரோமோசோமையே பார்த்து, துண்டுகள் இடம் மாறிய இடங்களை அடையாளமாக வைத்து இன்னொரு படம் வரைவேன்.

அந்த வருடம் உன் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டு, இந்தியா போக நாளும் குறித்தாகிவிட்டது. போகும் முன் உன் படம் நிலைக்க வேண்டும், அது ஒன்றுதான் உன் ஆசை. அப்போது பார்த்து இரண்டு படங்களும் முரண்பட்டன. வெள்ளை உமியும் குட்டைத் தண்டும் உன் படத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. என் படத்திலோ குரோமோசோமின் ஒடுங்கிய இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது, நடுவே நல்ல இடைவெளி. கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடச் சொன்னார் பண்ணை அதிகாரி.

நீ அசையவில்லை. "ஐயா, தெனமும் காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குச் சேந்தே வர்ற ரெண்டு பேரு லயத்துல ஒரே காம்பராவுலதான் குடியிருக்கணுமா? இடுப்புப் பக்கம் ஜோடிக் குரோமோசோம் ரெண்டும் துண்டு மாத்திக்கிறது ரொம்பக் கொறைவு. அதனால தூரத்துல இருந்தாலும் பிரியாம வருது. இவரு அளந்தது எடத்தை, நான் அளந்தது பிரிவை. ரெண்டும் சரிதாங்க."

அவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக வரையச் சொன்னார். "இவரோடது மேல இருக்கட்டும். இங்க இருக்கப் போறவரு இவருதானே" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் நானுஓயாவில் உன்னை ரயில் ஏற்றிவிட்டேன்.

போன மாதம் உன் தம்பி இந்தியாவிலிருந்து வந்து, நீ காலமானதைச் சொன்னான். "கடைசி வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்லையேண்ணே" என்று அழுதான். ஆமாம் என்றேன். அது சரிதான். ஆனால் எந்த ஆய்வு முடிவையும், நீ இதை எப்படி அளந்திருப்பாய் என்று மனதுக்குள் உன்னோடு வாதாடாமல் நான் எழுதியதே இல்லை. அதுவும் சரிதான்.