நானூறு கிலோ கெண்டை

நவம்பர் 18

எங்கள் மீன்கடையில் பாடப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம். டிசம்பர் ஆறு, ஊரே கெண்டை சாப்பிடும் புனித நிக்கொலா நாளுக்கு எவ்வளவு சொல்வது? மீன் வளர்க்கும் தோப்ரி மாமா தன் குளத்தை வருஷத்துக்கு ஒருமுறைதான் வடிப்பார். முன்கூட்டியே சொன்ன எடைதான் தருவார். பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. போன வருஷம் முந்தின நாள் காலையிலேயே தொட்டி காலி. வெறுங்கையோடு திரும்பியவர்கள் சூப்பர் மார்க்கெட் பக்கமே போய்விட்டார்கள்.

"இந்தத் தடவையும் கைய விரிச்சோம்னா கடையை மூட வேண்டியதுதான், பிளாமென்," என்றாள் அம்மா.

"மிஞ்சினா மட்டும்? செத்த மீனை யாரு வாங்குவா?"

மற்ற மீன்கடைகளைப் போல அம்மாவும் கணினியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் போட்டிருக்கிறாள். பழைய விற்பனையைப் படித்து, இனி எவ்வளவு விற்கும் என்று சொல்லும். அப்பா அதற்கு வைத்த பெயர் ஜோசியர். ஜோசியர் சொன்னது இருநூறு கிலோ.

நவம்பர் 20

ஏன் இருநூறு? போன வருஷ விற்பனையைப் பார்த்தேன். காலைக்குப் பிறகு பூஜ்யம். மீன் தீர்ந்ததால் வந்த பூஜ்யம் அது. ஜோசியரோ வாங்க ஆளே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

அம்மாவிடம் காட்டினேன். "அட, ஆமாடி! ஆனா திரும்பிப் போனவங்களை எப்படிக் கணக்குல சேர்க்கிறது?"

வீடு வீடாகக் கேட்டு வருகிறேன் என்றேன்.

நவம்பர் 23

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: நிக்கொலா நாளில் கெண்டை சாப்பிடுவீர்களா?

"இது ஒரு கேள்வியா கண்ணு? கெண்டை இல்லாம அந்த நாளா?"

எல்லாப் பதிலையும் செயலியில் ஏற்றினேன். நானூறு கிலோ என்றது. அப்பா விசிலடித்தார். அம்மா உடனே தோப்ரி மாமாவிடம் சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பர் 3

ஐயோ.

பள்ளியில் மதிய இடைவேளையில் தோழி ரலிட்சாவிடம், உங்கள் வீட்டில் கெண்டைக்குள் என்ன அடைப்பீர்கள் என்று சும்மா கேட்டேன். "எங்க வீட்டுல எங்க சமைக்கிறோம்? அந்தப் புனிதர் பேரு வச்சவங்கதானே விருந்து வைக்கணும், எங்க வீட்டுல யாரு பேரும் நிக்கொலாய் இல்லையே. சித்தப்பா பேருதான் நிக்கொலாய், அங்க போய்ச் சாப்பிடுவோம். பேர்நாள் வீட்டுக்குப் போக அழைப்பா வேணும்?"

நாங்களும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தானே போகிறோம்! எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? சாப்பிடுகிறவர்களையெல்லாம் வாங்குகிறவர்களாக எண்ணிவிட்டேன். ஒரே மேஜையில் உட்காரும் நாலு குடும்பத்துக்கு நாலு மீன்.

வீட்டில் சொன்னேன். அப்பா தொட்டியைக் கழுவப் போய்விட்டார். திட்டியிருக்கலாம். அம்மா தோப்ரி மாமாவுக்குப் போன் செய்தாள்.

"நேத்தே மதகைத் திறந்தாச்சும்மா. தண்ணிய மறுபடி ஊத்தச் சொல்றியா?"

டிசம்பர் 4

நானூறு கிலோவும் வந்துவிட்டது. தொட்டியில் மீன் திரும்பக்கூட இடமில்லை.

டிசம்பர் 5

மதியம்வரை நல்ல கூட்டம். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட பாதி மீன் மிச்சம். சில மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் தோன்றியது: மற்றக் கடைகளின் செயலிகளும் எங்கள் ஜோசியரைப் போலத்தானே ஏமாந்திருக்கும்? ரயிலடி மீன்கடை ஸ்தொயன்கா அத்தையைக் கேட்போம் என்றேன்.

"அந்தப் போட்டிக்காரிகிட்டயா?" என்றார் அப்பா.

நானே போன் செய்தேன்.

"ஏன், உங்கப்பா பேச மாட்டாரோ?"

"பக்கத்துலதான் இருக்கார், அத்தை. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு."

சிரித்துவிட்டாள். வேனோடு வந்தாள். "எங்க செயலி நூத்தம்பதுதான் சொல்லிச்சு. காலையிலேயே காலி. சனங்க என்னைத் திங்காத குறை." மீன்களை வலையில் அள்ள அப்பாவே கை கொடுத்தார்.

டிசம்பர் 6

நாலு மீன் மிச்சம். நாலும் உயிரோடு. தூங்கப் போகிறேன்.

ஜனவரி 17

மார்ச்சில் வரும் மங்கள வார்த்தைத் திருநாளுக்கும் மீன் வேண்டும். இன்று எங்கள் சமையலறை மேஜையில் ஸ்தொயன்கா அத்தையும் அப்பாவும். இரண்டு கடைக்கும் சேர்த்து வேறொரு குளத்தில் ஒரே ஆர்டர்.

"உன் கடைக்கு எனக்கு முன்னாடி லாரி வரக்கூடாது, பிளாமென்."

"வேணும்னா நீயே லாரிய ஓட்டு!"

அம்மா என் பக்கம் பேனாவைத் தள்ளினாள். "வீடு வீடா என்ன கேக்கணும்னு நீயே எழுது."

ரொம்ப நேரம் யோசித்து எழுதினேன்: அன்றைக்கு உங்கள் வீட்டு அடுப்பு எரியுமா?