சிதறாத மாதுளை

என் நாரேவுக்கு,

நம் மெக்ரி ஊரில் இலை உதிரத் தொடங்கிவிட்டது. உன் கல்யாணத்துக்கு ஒரு மாதுளை அனுப்புகிறேன். நம் வீட்டு மரத்தில் காய்த்ததுதான்.

நான் பறிப்பதைப் பார்த்து என் தங்கை குத்திப் பேசினாள். "மகனை மண்ணுல வச்சு ரெண்டு வருஷம்கூட ஆகல. மருமக இன்னொருத்தனைக் கட்டிக்கிறா, நீ சீர் அனுப்புறியாக்கும்?"

"பழம்தானே, மரத்தை வேரோடயா அனுப்புறேன்?" என்றேன்.

வாஹேவுக்குக் கல்லறைக் கல் நிறுத்தியாயிற்று. கல்தச்சன் கரென், "மாதுளை ஒண்ணு செதுக்கட்டுமா அக்கா? நம்ம பழைய கோயில் வாசல் பூரா அதுதான். செத்தவங்க எழுந்து வருவாங்கன்னு அர்த்தம்" என்றான்.

"எங்கே, எழுப்பிக் காட்டு பாப்போம்" என்றேன். பாவம், உளியைக் கீழே வைத்துவிட்டான். பெயர் மட்டும் தாங்கிக் கல் மொட்டையாக நிற்கிறது.

உன்னை மருமகளாய் அழைத்து வந்த அன்று, நீ வழக்கப்படி வாசல் சுவரில் எறிந்த மாதுளை உடையாமல் உருண்டதே, நினைவிருக்கிறதா? "பழம் சிதறலையே, பிள்ளை எப்படிப் பிறக்கும்?" என்று என் தங்கை அப்போதே முணுமுணுத்தாள். வாஹே மட்டும்தான் சிரித்தான். "விடுங்க சித்தி, நாள் கிடக்கு" என்றான்.

நாள் கிடக்கவில்லை. அவனை எல்லைச் சண்டைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் நன்றாகப் பழுத்து, தோல் வெடிக்கத் தொடங்கியதைப் பறித்திருக்கிறேன். நான் வரமாட்டேன், என் கறுப்புடை அங்கே வேண்டாம். நீ ஓங்கி எறி.

பிள்ளை பிறந்தால் எழுது. வாஹே என்று மட்டும் பெயர் வைத்துவிடாதே. அந்தப் பெயர் இங்கே கல்லில் இருக்கிறது, இங்கேயே இருக்கட்டும்.

இப்போதும்
உன் மாமியார்