கொலின்ஸின் பலகைக்குப் போட்ட புள்ளி

2023 மார்ச் 6

கொக்குவில் அலுவலகத்தில் இன்று ஏழு மருத்துவக் கண்டுபிடிப்புகளைப் பார்த்தேன். எது விலைபோகும், எது போகாது என்று சொல்லத்தான் வெளிநாட்டில் குடியேறிய எங்கள் ஊர் டொக்டர்மார், இவற்றுக்குக் காசு போடும் தங்கள் நிதியத்தில் எனக்கு வேலை தந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் வார்டில் தாதியாக நின்றவளுக்குத் தெரியுமாம். தெரியத்தான் செய்கிறது.

ஒன்றுதான் மனதில் நிற்கிறது. குருநகர் கொலின்ஸ், ஃபிரிட்ஜ் திருத்துகிறவர், ஒரு பலகை செய்திருக்கிறார். நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு ஏறி நின்றால், புண் வரப்போகிற இடம் நீலமாகத் தெரியும்.

"அம்மாவின்ரை காலை எடுத்தாப் பிறகுதான் மிஸ், உதைச் செய்யத் தொடங்கினனான்" என்றார்.

மார்ச் 9

பலகையை வட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். அக்காவின் கணவர் பஞ்சலிங்கம் அத்தானுக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. வெங்காயத் தோட்டத்தில் இன்னும் வெறுங்கால்தான். ஏற்றி நிறுத்தினேன். வலது பெருவிரலடியில் நீலம்.

"நோகேல்லையே, பிள்ளை."

"நோகாது அத்தான். அதிலை உணர்ச்சி இல்லை உங்களுக்கு. உது கடைக்கு வந்தால் வாங்குவியளோ?"

"நோகாத காலுக்கு ஆர் காசு குடுப்பினம்?"

செருப்புப் போடச் சொன்னேன். கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். தலையாட்டினார்.

மார்ச் 13

பலகைக்குப் பத்துக்கு மூன்று புள்ளி போட்டேன். காரணம்: தேவைப்படுகிறவர் வாங்கமாட்டார். நித்திரையை அளக்கும் கைப்பட்டிக்கு ஒன்பது. நிதியத்தை நடத்தும் சிவகரன், "உங்கடை கணக்குப் பிழைக்காது அக்கா" என்றார்.

நிதியம் காசு போடாது என்று கொலின்ஸுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "ஓம் மிஸ்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருக்கலாம்.

நவம்பர் 2

கைப்பட்டி கொழும்பில் நன்றாக ஓடுகிறதாம். எனக்குக் கேக் வெட்டினார்கள்.

2024 ஜனவரி 21

அத்தானின் வலது பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அக்கா என்னோடு கதைக்கவில்லை.

கிளினிக்குக்குப் போகச் சொன்னனான்தானே? சொன்னனான். ஆனால் அந்தப் பலகை என்ரை கையிலை இருந்தது. ஒருக்கா, ஒரே ஒருக்கா ஏத்திப்போட்டுத் திருப்பிக் குடுத்தனான். கிழமைக்கு ஒருக்கா ஏத்தியிருந்தால் — நீலத்தைக் கண்ட உடனை கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் — தாதி எண்டு சொல்ல எனக்கு வெக்கமில்லையே? விக்குமோ எண்டதைத்தவிர வேறை ஒண்டும் அண்டைக்குக் கேக்கத் தோன்றேல்லை எனக்கு.

2025 மே 17

சென்னைக் கம்பெனி ஒன்று அதேபோலப் பலகை செய்து விற்கிறது. யாரும் திருடவில்லை. அவர்களுக்கும் அந்த யோசனை வந்திருக்கிறது. அவர்களை யாரும் மறிக்கவில்லை.

வாங்குவது நோயாளிகள் இல்லை. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற பிள்ளைகள், ஊரில் தனியே கிடக்கிற தாய் தகப்பனுக்கு வாங்கி அனுப்புகிறார்கள். எனக்கு ஏன் அது படவில்லை? என் சம்பளமே அப்படிப்பட்ட பிள்ளைகள் அனுப்புகிற காசுதானே.

ஜூன் 4

சிவகரன் சொன்னார்: "ஒண்டு பிழைச்சால் என்ன அக்கா? அவையின்ரை யாழ்ப்பாண ஏஜென்சியை நாங்கள் எடுப்பம். நீங்கள்தான் அதைப் பொறுப்பெடுத்துப் பாருங்கோ."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 11

பலகைகளைத் திருத்த ஓர் ஆள் தேவையென்று விளம்பரம் போட்டிருந்தோம். நால்வர் வந்தார்கள். மூன்றாவது ஆள் கொலின்ஸ். தலை நரைத்துப்போயிருந்தது. சிவகரனுக்கு அவரை நினைவில்லை. புதுப் பெட்டியொன்றைப் பிரித்துக் கொடுத்து, "உதைப் பற்றி ஏதும் தெரியுமோ?" என்று கேட்டார்.

கொலின்ஸ் பலகையைத் திருப்பி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கடை வெக்கைக்கு இந்தப் பசை நிக்காது சேர். ஈரம் உள்ளுக்கு இறங்கும்."

என் பக்கம் அவர் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில், 'ஃபிரிட்ஜ் திருத்தும் வேலை, பதினாறு வருடம்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அவரையே எடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லும் கடிதத்தில் நான்தான் கையெழுத்து வைத்தேன்.