நான்காம் அலகில் இல்லாத லைன் லீடர்

அக்கா,

போன வாரம் ஒரு மாணவி என் மேசையில் என் பாடக் கட்டுரைகளின் பழைய ஸ்பைரல் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பொத்தேரியில் அவள் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில், முன்பு இருந்த யாரோ விட்டுவிட்டுப் போனதாம். இப்போதெல்லாம் பாடக் கட்டுரைகள் நேராக ஃபோனுக்கே போய்விடுகின்றன, யாரும் காகிதத்தைத் தொடுவதில்லை. ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறதே, நீங்களா மேம் என்று கேட்டாள். புரட்டினேன். ஒரு பக்கத்தின் அடியில், 'இந்தப் பக்கம் மங்கல்தான். ஒரிஜினலே அப்படி. மெஷினைத் திட்ட வேண்டாம்' என்று உங்கள் கையெழுத்து. எனக்குத் தெரிந்த ஒருவர் எழுதியது என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டை அவளிடமே கொடுத்தேன். தலைவலி என்று பொய் சொல்லி அடுத்த வகுப்பைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் போய் இரண்டு ஜூன் மாதம் ஆகிவிட்டது. ஜூன் கணக்கு எனக்கும் உங்களுக்கும்தான் புரியும். கல்லூரி திறக்கும் வாரத்தில் இரண்டு பை நிறைய புத்தகங்களோடு, தாம்பரத்துச் சந்தில் இருக்கும் உங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்து நிற்பேன். எம்.ஏ. மாணவர்களுக்கு 'ஆசியாவும் வளர்ச்சியும்' என்று ஒரு விருப்பப் பாடம் நடத்துகிறேன் அல்லவா, அதற்கான கட்டுரைகளைத் தொகுத்துக் கட்டாக்கித் தருவது உங்கள் வேலை. துண்டுச் சீட்டு வைத்த பக்கங்களைப் பார்த்ததும் ஆரம்பிப்பீர்கள். "இன்னா மேடம், இந்த வருசமும் அதே கொரியாதானா? அவங்க முன்னேறி எவ்ளோ நாளாச்சு, இன்னும் வுட மாட்றீங்களே." எனக்குச் சுருக்கென்று இருக்கும். பாடத்திட்டக் குழுவில்கூட யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

நீங்கள் அதையெல்லாம் படிக்கிறீர்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு நாள் கட்டு தயாராகியிருக்கும் என்று வந்தபோது, மெஷின் சும்மா இருந்தது. நான்காம் அலகை மடியில் வைத்து, விரலை வரியின் மேல் நகர்த்தி, புரியாத சொல்லை ஃபோனில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆசிய நாடுகளில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய அலகு அது. என்னைப் பார்த்ததும் மூடி வைக்கவில்லை. லைன் லீடர் பற்றி இதில் எங்கேயாவது வருகிறதா என்று கேட்டீர்கள். எதற்கு என்றேன். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஒன்பது வருடம் ஹெட்ஃபோனுக்கு ஒயர் சால்டரிங் செய்ததாகவும், கடைசி இரண்டு வருடம் ஒரு வரிசைத் தொழிலாளர்களுக்குப் பொறுப்பான லைன் லீடராக இருந்ததாகவும் அப்போதுதான் சொன்னீர்கள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் கட்டுரைகளில் தேடிக்கொண்டிருந்த ஆள், எனக்கு எதிரிலேயே பக்கம் எண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வகுப்புக்கு வந்து பேச வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். மூன்று வாரம் மழுப்பினீர்கள். பிறகு ஒரு நாள், எது வேண்டுமானாலும் பேசலாமா என்று கேட்டீர்கள். எது வேண்டுமானாலும் என்றேன், பெரிய மனசோடு. சிறப்பு விருந்தினர் படிவத்தில் பதவி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தொழில்முனைவோர்' என்று நான் எழுதியதைப் பார்த்து, கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தீர்கள்.

அன்று கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வந்தீர்கள். இருபத்திரண்டு மாணவர்கள். முதல் அரை மணி நேரம் நான் நினைத்ததற்கும் மேலாகவே போனது. சால்டரிங் புகை கண்ணில் ஏறுவது, சுவரில் மணிக்கு மணி மாற்றி எழுதும் டார்கெட், பாத்ரூம் போக டோக்கன். ஒவ்வொன்றும் என் கட்டுரைகளில் இருந்தது இருந்தபடியே வந்து விழுந்தது. நான் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தேன். பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம்தான் அதைச் சொன்னீர்கள். ஆர்டர் குறைந்த ஒரு மாதம், ஒவ்வொரு லைனிலிருந்தும் கை மந்தமான இரண்டு பேரின் பெயரைக் கொடுக்கும்படி லீடர்களைக் கம்பெனி கேட்டது. நீங்கள் இரண்டு பெயர் கொடுத்தீர்கள். ஒருத்தி உண்மையிலேயே மெதுவானவள். இன்னொருத்தி லைனிலேயே வேகமான கை. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் உங்களைக் கேலி செய்திருந்தாள். அந்தக் கோபத்தில் அவள் பெயரை எழுதினீர்கள். திங்கட்கிழமை அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு அமைதி என்றாலே ஆகாது, அக்கா. வகுப்பு சும்மா இருந்தால் நான் வேலை செய்யவில்லை என்று யாரோ எழுதிக்கொள்வார்கள் என்று தோன்றும். மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். மேலே உலகச் சந்தை. அங்கிருந்து ஒரு அம்புக்குறி, வெளிநாட்டுக் கொள்முதலாளர். அடுத்த அம்புக்குறி, கம்பெனி. அதற்குக் கீழே மேலாளர், லைன் லீடர், தொழிலாளி. இப்போது நாம் கேட்டதைத் தனி ஒருவரின் தவறாகப் பார்க்கக் கூடாது, அமைப்பு அவரை அப்படிச் செய்ய வைத்தது என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். இருபத்திரண்டு பேரும் குனிந்து படத்தை வரைந்துகொண்டார்கள். நீங்கள் இன்னும் அந்த மேடை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

எழுந்து நின்று கேட்டீர்கள். "கம்பெனி கேட்டது ரெண்டு பேர, மேடம். அவ பேர எழுதுனது என் கை. அத இந்தப் படத்துல எங்க போடுவீங்க?"

பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. அதைத்தான் சொன்னேன். நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் விவாதிப்போம் என்றேன். மணி அடித்தது. உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்தோம்.

கேட் வரைக்கும் கூட நடந்து வந்தேன். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நிலைமையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். பொன்னாடையை மடித்துக்கொண்டே சொன்னீர்கள். "பதினெட்டு வருசமா வூட்டுக்காரர்கிட்டகூட சொல்லல மேடம். படிச்ச பசங்க, கேட்டுட்டு நாலு வார்த்த திட்டுவாங்கன்னு வந்தேன். நீங்க அதுக்குள்ள படம் போட்டு அழிச்சிட்டீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஞாயிறுதோறும் ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லி வளர்ந்தவள் நான். அறிக்கை முடிந்ததும் எங்கள் போதகர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நிற்பார். சின்ன வயதில் அது எனக்குச் சலிப்பாக இருக்கும். அவர் எதற்காக நிற்கிறார் என்பதை, நீங்கள் கேட்டுக்கு உள்ளே என்னை விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டிப் போனபோது புரிந்துகொண்டேன்.

ஒரு மாதம் உங்கள் கடைப்பக்கமே வரவில்லை. பிரதி எடுக்க மாணவர்களை அனுப்பினேன். பிறகு ஒரு சனிக்கிழமை வந்து, தப்பு செய்துவிட்டேன் அக்கா என்று நின்றேன். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, இல்லையென்று மறுக்கவும் இல்லை. வேலை போன அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டதாகச் சொன்னீர்கள். பெயர் சாந்தி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியின் கேன்டீனில் வேலை. ஒரு முறை ஸ்டேஷன் வரைக்கும் போய், இறங்காமலேயே செங்கல்பட்டு போய்த் திரும்பி வந்திருக்கிறீர்கள். கூட வருகிறீர்களா என்று என்னைக் கேட்டீர்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள். "நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

அந்த ரயில் பயணத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. பொத்தேரியில் மாணவர் கூட்டம் இறங்கியதும் பெட்டி காலியானது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தீர்கள்.

சாந்தி கதவைத் திறந்ததும் உங்களை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. நீங்கள் வாசலில் நின்றபடியே சொன்னீர்கள். முழுதாகச் சொன்னீர்கள், கேன்டீன் கேலி, கோபம், பெயர் எழுதியது எல்லாம். ஆர்டர் குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்ட ஆரம்பித்தார். தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. கை மந்தம் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோய், சாகிற வரைக்கும் மாமியார் அதைச் சொல்லியே கூப்பிட்டார்களாம். பெற்ற மகளே அம்மாவுக்குக் கை ஓடாது என்று சொல்லித்தான் வளர்ந்திருக்கிறாள். எனக்கு நாக்கு அரித்தது, அக்கா. சாந்தி, உலகச் சந்தை என்றால் என்ன தெரியுமா என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். உங்கள் நிபந்தனை என்னைக் காப்பாற்றியது.

மூச்சு வாங்கியதும் அவர் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். "இப்ப சொல்லு. இவ முன்னாடி சொல்லு. நான் ஸ்லோவா?"

"இல்ல. லைன்லயே நீதான் ஃபாஸ்ட்டு. நான்தான் பொய் சொன்னேன்."

மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். சாந்தி எங்களைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இனி வராதே என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். தாம்பரம் வந்ததும் எழுப்பினேன். நல்லா திட்டினா இல்ல மேடம் என்று கேட்டீர்கள். உங்கள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது. உலகச் சந்தையும் அம்புக்குறிகளும் இன்னும் உண்டு. அவை பொய்யில்லை, அதை விட்டுவிட்டால் நான் பாடம் நடத்தவே முடியாது. ஆனால் யாராவது தான் செய்ததைச் சொன்னால், மார்க்கரை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நான்காம் அலகுக்கு லைன் லீடர் பற்றிய கட்டுரைகள் தேடிச் சேர்த்தேன். பெயர் எழுதிக் கொடுத்தவளே பேசும் கட்டுரை ஒன்றுகூட இன்னும் கிடைக்கவில்லை.

இதுவரை எழுதியது சுலபம். எழுத வந்தது வேறு.

உங்களுக்குக் காய்ச்சல் முற்றி, குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த காலையே உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், எனக்கு ஃபோன் செய்தார். நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதாகச் சொன்னார். கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரும் வாரம், கோப்புகள் முடியவில்லை, நாளை வருகிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் விடியும்போது நீங்கள் இல்லை. மாலையோடு வந்தேன், எல்லோருக்கும் முன்னால் அழுதேன். கோப்புகள் உண்மை, குழு உண்மை. ஆனால் நான் துறைத் தலைவரிடம் லீவு கேட்கவே இல்லை. என் அப்பா போன பிறகு ஆஸ்பத்திரி வார்டுக்குள் கால் வைக்க எனக்குப் பயம். உங்களை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. குழு வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

கட்டைப் பார்த்த அந்த வாரமே, சனிக்கிழமை, கடைக்குப் போனேன். அண்ணன் இப்போது ஆதார் பிரின்ட்டும் பாஸ்போர்ட் போட்டோவும் போடுகிறார். போட்டோக்களை வெட்டிக்கொண்டிருந்தார். டீ சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நான் வராததைப் பற்றி எடுத்தேன். அவர் நிமிரவே இல்லை. "அத வுடுங்க மேடம். அவ்ளோ பெரிய இன்ஸ்பெக்சன், உங்கள எப்டி அனுப்புவாங்க. பெரிய காலேஜ்னா அப்படித்தான்."

எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா, அக்கா. தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். கேட் அருகில் நான் உங்களிடம் பேசியது அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை.

"நான் லீவே கேக்கல அண்ணா. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. பயந்துகிட்டு வரல."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். என்னை ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றி, பிறகு அது வேண்டாம் என்று விட்டது எனக்குத் தெரிந்தது. நான் நின்றேன்.

"வந்திருக்கலாம் மேடம்" என்றார். "ரெண்டு நாளும் வாசலயே பாத்துகினு இருந்தா."

அவர் மறுபடி போட்டோ வெட்டத் தொடங்கினார். நான் சந்திலிருந்து வெளியே வந்து, பஸ் ஏறாமல், வீடு வரைக்கும் நடந்தேன். அவர் சொன்னது என்னிடம் அப்படியே இருக்கிறது, அக்கா. யாரும் அதைக் குறைத்துச் சொல்ல நான் விடப்போவதில்லை.